முன்னால் போகிறவரின் நடை

அன்று காலையில் ஸ்டோர் வாசலில் இருந்தவர்கள் இவர்கள். துரை. கணக்கப்பிள்ளை. பெரிய கங்காணி கறுப்பண்ணன். என்னோடு தொட்டியில் வேலை செய்த சடையன். துரையின் நாய். நான்.

துரை உள்ளே வந்தால் முதலில் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அன்று மாட்டவில்லை. தொப்பி தலையிலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது.

"கோப்பி முடிஞ்சி," என்றார் துரை. அவருடைய தமிழ் அவ்வளவுதான். "மரம் செத்துப் போச்சி. நாளைக்குப் பெரட்டு இல்லை."

காலையில் ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுப்பதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பேர். பெரட்டு இல்லை என்றால் தோட்டமே இல்லை.

துரை என் பக்கம் திரும்பினார். "நீ நல்ல மனுசன்," என்றார். வலது கையை நீட்டினார்.

எதற்கு நீட்டுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டோர் சாவி என் மடியில் இருந்தது. எடுத்து அந்தக் கையில் வைத்தேன். துரை சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குதிரையில் ஏறிப் போய்விட்டார். நாயும் பின்னால் ஓடியது.

"அடப் பாவி," என்றார் கறுப்பண்ணக் கங்காணி. "அவரு கை குடுக்க நீட்டுனாருடா. வெள்ளைக்காரன் மரியாதை அது. நீ சாவியக் குடுக்குற."

சடையன் சிரித்தான். வேலை போன அன்று நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். கோயில் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் படித்தது. ஆனால் இப்போது வத்தேகம ரோட்டில் மூட்டை முடிச்சோடு கண்டி டவுனுக்கு இறங்கி வருகிற சனம் கூடிவிட்டது. தோட்டம் தோட்டமாகக் கோப்பியைப் பிடுங்கி எரிக்கிறார்கள். எங்கள் வாசலில் தண்ணீர் கேட்டு நிற்பார்கள். குடித்துவிட்டு, "டவுன்ல வேலை எப்பிடிங்க? நம்மள சேத்துக்குவாங்களா?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்ல என்னால் முடியாது. நான் பேச்சுக்காரன் இல்லை. எழுதி வைத்தால் படிக்கத் தெரிந்தவர் படித்துச் சொல்லட்டும்.

என் பேர் ராமையா. என் வேலையைச் சொல்கிறேன். திருச்சிப் பக்கத்திலிருந்து அப்பாவோடு நடந்தும் தோணி ஏறியும் வந்தவன். முதலில் புல் வெட்டினேன். பிறகு பழம் பறித்தேன். பிறகு ஸ்டோருக்கு எடுத்தார்கள். கோப்பிப் பழத்தை மெஷினில் விட்டுத் தோலை உரித்தால் கொட்டை வழுவழுவென்று இருக்கும். அதைத் தொட்டியில் ஊறப் போடுவோம். அந்த வழுவழுப்பு விட்டுப் போனதும் கழுவிக் களத்தில் காயப் போட வேண்டும். முந்திக் கழுவினால் காய்ந்த பிறகும் ஒட்டும். பிந்தினால் நாறும். கையை முழங்கை வரை விட்டு ஒரு பிடி எடுத்துத் தேய்த்துப் பார்ப்பேன். ஆற்று மணல் மாதிரி கரகரத்தால் தண்ணீரைத் திறந்துவிடுவேன். இதைத்தான் பல வருடம் செய்தேன்.

தோட்டத்தில் எல்லாமே கணக்கு வேலை. இவ்வளவு என்று காட்டிவிடுவார்கள். முடித்தவன் வீட்டுக்குப் போகலாம். முடிக்காதவன் பொழுது சாய்ந்தாலும் நிற்க வேண்டும். ஆகையால் நாங்கள் எல்லாரும் ஓடித்தான் வேலை செய்வோம். பக்கத்து நிரையில் இருக்கிறவனை முந்துவது தப்பில்லை. முந்துகிறவனைத்தான் துரைக்குப் பிடிக்கும். இன்னொன்று, கேட்டால்தான் பேச வேண்டும். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கேட்கிற வரைக்கும் நிற்க வேண்டும். வேகமாகச் செய்வது, பேசாமல் நிற்பது. இந்த இரண்டும் எனக்கு நன்றாக வரும். இந்த இரண்டை வைத்துக்கொண்டு எங்கேயும் பிழைக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

நோய் வந்தது இலைக்கு அடியில். மஞ்சள் தூள் மாதிரி. மரத்துக்குள் நுழைந்து வந்தால் வேட்டியெல்லாம் காவி. முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு இலை கொட்டியது. அடுத்த வருடம் பழம் பாதி. அதற்கடுத்து அதிலும் பாதி. எங்கள் தோட்டம் தாழ்ந்த இடத்தில், வத்தேகமவுக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. அங்கே முதலில் செத்தது. மேலே மலைத் தோட்டங்களில் கோப்பி இன்னும் இருந்தது.

பெரட்டு நின்றதும் சனம் பிரிந்தது. கங்காணி தன் ஆட்களில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு மேல் தோட்டங்களுக்குப் போனார். அங்கே தொட்டி வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. சடையன் ஊருக்கே போனான். என் மனைவி காமாட்சி நாங்கள் குடியிருந்த லயத்து அறை வாசலில் சட்டி பானையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குப் போவமா?" என்று கேட்டேன்.

"ஊர்ல யாரு இருக்கா, வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்ல?" என்றாள். "கண்டிக்குப் போவோம். அங்க ரயில் வருது, கடை இருக்குது. ஏதாச்சும் இருக்கும்."

இரண்டு பெண் பிள்ளைகள் எங்களுக்கு. ஆளுக்கு ஒரு மூட்டை. கண்டிக்கு நடந்தே வந்தோம். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் ஓர் அறை கிடைத்தது. கூரை ஒழுகும். ஆனால் வாசலிலேயே ஓயாமல் தண்ணீர் கொட்டுகிற பீலி இருந்தது. காமாட்சி அதைப் பார்த்துவிட்டு, "இனி நான் எங்கயும் வரமாட்டேன்," என்றாள். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

மறுநாளே வேலை தேடப் போனேன். ஓர் அரிசிக் கடை வாசலில், தலைத்துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் பார்த்தார். வேறு பக்கம் திரும்பினார். நான் நின்றேன். வெயில் ஏறியது. யாரும் கேட்கவில்லை. மறுநாள் வேறு கடை. அங்கேயும் அப்படித்தான். மூன்றாவது கடையில் ஓர் ஆள் சுருட்டு வாங்க வந்தார். தலையில் தொப்பி, அகலமான தோள். சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு என்னைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து பார்த்தார்.

"எனத்த தம்பி, சிலை மாதிரி நிக்கிறீங்க? மொதலாளி வந்து மாலை போடணுமா?"

"வேலைங்க," என்றேன்.

"வேலைன்னா வாயத் தொறந்து கேக்கணும். டவுன்ல யாரும் உங்கட மொகத்தப் பாத்துக் கண்டுபுடிக்க மாட்டாங்க. எங்க இருந்து வந்தீங்க?"

"தோட்டங்க. ஸ்டோர்ல தொட்டி வேலை."

"இங்க தொட்டி இல்ல. மூட்டை ஈக்குது. தூக்குவீங்களா?"

"தூக்குவேங்க."

அவர்தான் காசிம். ரயில்வே குட்ஷெட்டில் மூட்டை தூக்குகிற கூட்டத்துக்கு மேஸ்திரி. எல்லாரும் காசிம் நானா என்பார்கள். அண்ணன் என்பதை இங்கே முஸ்லிம் ஆட்கள் நானா என்று சொல்வார்கள். சுமை தூக்குகிறவர்களை இங்கே நாட்டாமை என்கிறார்கள். எங்கள் ஊரில் நாட்டாமை என்றால் கட்டிலில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவர். காமாட்சியிடம் போய், "நான் நாட்டாமை ஆயிட்டேன்," என்று சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

குட்ஷெட்டில் நிரந்தரமான ஆட்கள் எட்டுப் பேர். கோப்பி இறங்குகிற காலத்தில் மட்டும் நாள் கூலிக்கு இன்னும் ஓர் ஆளை எடுப்பார்கள். அந்த ஒரு ஆள் நான். காலையில் ஆள் எண்ணும்போது, குட்ஷெட் கணக்கு எழுதுகிற கிளாக்கர் ஐயா, "எத்தினை?" என்று கேட்பார். காசிம் நானா, "எட்டும் ஒண்ணும்," என்பார். எட்டுப் பேர் வரிசையில் நிற்பார்கள். ஒன்று தூணோரம் தனியாக நிற்கும். கோப்பிக் காலம் முடிந்தால் அந்த ஒன்று வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு அந்த ஒன்றாக இருந்தால் போதாது. எட்டுக்குள் போக வேண்டும். காமாட்சிக்கும் அதுதான் நினைப்பு.

கிளாக்கர் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி. விபூதி பூசிக் கறுப்புக் கோட்டுப் போட்டு வருவார். முதலில் சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்துக் கதிரையைத் துடைப்பார். பிறகு அதே கைலேஞ்சியை மடித்துக் கதிரையில் விரித்து அதன் மேல் உட்காருவார். வெளிச்சம் சுவர்ப் பக்க ஜன்னலில் இருந்து வந்தபடியால் மேசையை அந்தப் பக்கம் போட்டிருந்தார். ஆகவே எங்களுக்கு அவர் முதுகுதான் தெரியும். திரும்பியே பார்க்கமாட்டார். மூட்டை எண்ணுவது காதால். வேகனுக்குள் மூட்டை விழுகிற சத்தத்தைக் கேட்டு எண்ணுவார். மேசையில் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை இருக்கும். பத்துச் சத்தத்துக்கு ஒரு கொட்டையை வலது பக்கம் தள்ளுவார். கோப்பி குடித்துக்கொண்டிருந்தாலும், யாரோடாவது பேசிக்கொண்டிருந்தாலும், அந்த விரல் தவறாது. யார் போட்ட மூட்டை என்றுகூடத் தெரியும் அவருக்கு. குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வேலை இப்படி. தோட்டத்து மாட்டு வண்டிகள் கல் மேடையோரம் வந்து நிற்கும். வண்டிக்காரர் இருவர் வண்டியில் நின்று மூட்டையைத் தூக்கிக் கொடுப்பார்கள். சும்மாட்டைப் பிடரியில் வைத்து, குனிந்து மூட்டையை வாங்கி, மேடையைக் கடந்து ஒரு பலகையில் ஏறி வேகனுக்குள் போட வேண்டும். உள்ளே எங்களில் ஒருவர் அடுக்குவார். மூட்டையின் வாய் உள்பக்கம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வழியில் கொட்டும். பலகை ஒரு ஆள் அகலம். எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகப் போவோம்.

எப்போதும் முன்னால் போகிறவர் வேலு அண்ணன். குள்ளம். கட்டையான உடம்பு. ஒரு காலத்தில் வண்டிச் சக்கரம் ஏறி இடது முழங்கால் கெட்டுப் போனவர். மூட்டையோடு நடந்தால் இடது காலை வைக்கும்போது உடம்பு ஒரு பக்கம் இறங்கி எழும்பும். அவர் மூட்டையைப் போட்டால் இரண்டு சத்தம் கேட்கும். மூட்டை ஒன்று, கால் ஒன்று. வாய் மட்டும் ஓயாது. வேகனைப் பார்த்து, "ஏன்டி, இன்னும் வயிறு நிறையலையா ஒனக்கு?" என்பார்.

இவ்வளவு மெதுவான ஆளை ஏன் முன்னால் விடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால்தானே பேச வேண்டும் என்று பழகியவன்.

முதல் சில நாள் பின்னால் நடந்தேன். பிறகு ஒருநாள் நிறைய வண்டி வந்தது. தோட்டத்துப் புத்தி வந்துவிட்டது எனக்கு. கணக்கை முடித்தால் வீட்டுக்குப் போகலாம், நம்முடைய வேகத்தைப் பார்த்தால் எட்டுக்குள் எடுத்துக்கொள்வார்கள். பலகைக்கு முன்னால் மேடையில் வேலு அண்ணனை முந்திக்கொண்டு ஏறினேன். போட்டேன். ஓடி வந்தேன். மறுபடியும் முந்தினேன். என் பின்னால் இருந்தவர்களும் வேறு வழியில்லாமல் நடையைக் கூட்டினார்கள். அன்றைக்கு ரயிலுக்கு வெகுநேரம் முந்தியே வேகன் நிறைந்துவிட்டது.

"பாருங்கப்பா," என்றார் வேலு அண்ணன், மேடையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டு. "ராமையா ரயிலுக்கு முன்னாடியே கொழும்பு போயிருவாரு. நம்ம கூலியையும் அங்கயே வாங்கிட்டு வந்திருவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாராட்டு என்று நினைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் மேடையோரம் வரிசையாக உட்காருவோம். அன்று நான் போனபோது இடம் இல்லை. யாரும் போ என்று சொல்லவில்லை. நகரவும் இல்லை. நான் நின்றுகொண்டே கஞ்சியைக் குடித்தேன்.

மாலையில் கிளாக்கர் ஐயா கதிரையில் இருந்தபடியே, திரும்பாமல் பேசினார்.

"காசிம்."

"ஐயா."

"இண்டைக்குக் கெதியா முடிஞ்சு போச்சு."

"ஓங்கையா. காத்து நல்லா ஈந்திச்சு."

"காத்து மூட்டை தூக்கேல்லை. புது ஆள் தூக்கினவன்." கொட்டைகளைக் கிண்ணத்தில் அள்ளினார். "கோப்பி வருசா வருசம் குறையுது. ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்தால சொல்லிக்கொண்டே இருக்கினம். நான் பேசாமல் இருந்தனான். இனிப் பேசாமல் இருக்கேலாது. வேலுவையும் பெரியசாமியையும் நிப்பாட்டு. புது ஆளைச் சேர். ஏழு பேர் போதும்."

பெரியசாமி என்பவர் இருமல்காரர். வேலு அண்ணனுக்கு அடுத்து நடப்பவர்.

"ஐயா," என்றார் காசிம் நானா, "ஒருநாள் பாத்துட்டு முடிவு செய்ய ஏலாதா?"

கிளாக்கர் ஐயா கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். "ஓம்," என்றார். "வாற வெள்ளிக்கிழமை மலைத் தோட்டத்து வண்டி எல்லாம் ஒண்டா வருது. ஏழு பேர் மட்டும் தூக்கட்டும். ரயில் வெளிக்கிட முந்தி முடிஞ்சால், அவ்வளவுதான். ஏழு பேர்."

எல்லாரும் வெளியே வந்தோம். காசிம் நானா சுருட்டைப் பற்ற வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"தோட்டத்துல ஓடி முடிச்சா வீட்டுக்கு விடுவாங்க, இல்லையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க நானா."

"இங்க ஓடி முடிச்சா ஆள வீட்டுக்கு அனுப்புவாங்க. திரும்ப வர வேணாம்ண்டு." அவ்வளவுதான் சொன்னார். சுருட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் விளங்கியது. வேலு அண்ணன் முன்னால் போவதால் அவருடைய நடைதான் எல்லாருடைய நடை. அந்த நடைக்கு எட்டுப் பேர் வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. முந்தாமல் இருந்தாலே போதும். வருகிறவன் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் பார்த்தேன், தெரிந்துகொள்ளவில்லை.

வீட்டில் காமாட்சியிடம் சொன்னேன். ஏழு பேர் முடித்தால் நான் நிரந்தரம். முடிக்காவிட்டால் எட்டுப் பேர் அப்படியே. நான் கோப்பிக் காலம் முடிகிற வரைதான். அதுவும், நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன் என்று கிளாக்கர் ஐயாவுக்குத் தெரிந்தால் மறுநாளே அந்த வேலையும் இல்லை.

அவள் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "நல்லா ஓடுங்க," என்றாள்.

"வேலு அண்ணனுக்கு வேற வேலை கெடைக்காது. அந்தக் கால வச்சிக்கிட்டு."

"நமக்குக் கெடைக்குமா? பெரட்டு இல்லைன்னு சொன்னப்ப யாராச்சும் நம்மளப் பாத்து மெதுவா நடந்தாங்களா?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை வண்டிகள் வந்தன. ஸ்டேஷன் வாசலில் இருந்து ரோட்டு வளைவு வரை மாடுகள். மேலே மழை கறுத்துக்கொண்டிருந்தது. வேலு அண்ணனும் பெரியசாமியும் மேடையோரம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலு அண்ணன் அன்று வாய் திறக்கவில்லை.

கிளாக்கர் ஐயா கைலேஞ்சியை விரித்து உட்கார்ந்தார். கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்தார். முதுகைக் காட்டினார்.

முதல் வண்டி மேடையோரம் வந்தது. மூட்டை தயார். ஆனால் யாரும் முன்னால் வரவில்லை. எப்போதும் முன்னால் போகிறவர் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காசிம் நானா என்னைப் பார்த்து மோவாயை ஆட்டினார்.

"ராமையா. முன்னால போங்க."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஓடு என்றும் சொல்லவில்லை, ஓடாதே என்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும், முன்னால் போகிறவன் நடைதான் நடை என்று.

சும்மாட்டை வைத்துக் குனிந்தேன். மூட்டை ஏறியது. காமாட்சியை நினைத்தேன். கூரை ஒழுகுகிற அந்த அறையை நினைத்தேன். அடி எடுத்து வைத்தேன். வேலு அண்ணனுக்குப் பின்னால் அந்தச் சில நாள் நடந்ததில் அவர் நடை எனக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. அது தானாக வந்தது. வலது கால். நிறுத்தம். இடது கால். மேடை. பலகை. போட்டேன். பின்னால் ஐந்து பேரும் வரிசையாக வந்தார்கள். யாரும் என்னை முந்தவில்லை.

கிளாக்கர் ஐயாவின் விரல் ஒரு கொட்டையின் மேல் நின்றது. தலை கொஞ்சம் சாய்ந்தது. திரும்பவில்லை. கொட்டையைத் தள்ளினார்.

அப்படியே நாள் முழுவதும். மெதுவாக நடப்பது லேசு என்று நினைக்காதீர்கள். ஓடினால் பாரம் சீக்கிரம் இறங்கிவிடும். மெதுவாக நடந்தால் அவ்வளவு நேரமும் அது பிடரியில்தான் இருக்கும். பாதி நாளிலேயே என் தோள் மரத்துப் போயிற்று. வேலு அண்ணன் இத்தனை வருடம் இதைத்தான் சுமந்திருக்கிறார் என்று அன்று தெரிந்தது. நடுவில் ஒருதரம் அவர் பக்கம் பார்த்தேன். அவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயில் கூவியது. கார்டு கொடியை எடுத்துக்கொண்டு வந்தார். மேடையில் இன்னும் இரண்டு வண்டி மூட்டை கிடந்தது. மழைத் தூறல் விழுந்தது. கார்டு கிளாக்கர் ஐயாவோடு இங்கிலீசில் ஏதோ கத்தினார். கிளாக்கர் ஐயா கத்தவில்லை. ரயில் போய்விட்டது. நாங்கள் படங்கை இழுத்து மூட்டைகளை மூடினோம். வேலு அண்ணனும் பெரியசாமியும் இறங்கி வந்து ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்தார்கள். யாரும் அவர்களை வரச் சொல்லவில்லை.

பிறகு கிளாக்கர் ஐயா கதிரையைத் திருப்பிப் போட்டார். அன்றுதான் முதல் தடவை அவர் முகத்தை நேராகப் பார்க்கிறேன். என்னைக் கூப்பிட்டார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"உனக்கு முழங்கால் நோவோ?"

"இல்லீங்க ஐயா."

"பின்னை ஏன் காலமை தொடக்கம் நொண்டுறாய்?"

எனக்கு அப்போதுதான் தெரிந்தது, நான் நொண்டியிருக்கிறேன் என்று. மெதுவாக நடக்க மட்டும்தான் நினைத்தேன். நடையைப் பிடித்தபோது நொண்டலும் சேர்ந்து வந்துவிட்டது. பின்னால் பெரியசாமி சிரிப்பை அடக்கப் போய் இருமத் தொடங்கினார். வேலு அண்ணன் அடக்கவில்லை. "ஐயா, என் காலை இவரு திருடிட்டாருங்க. திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க," என்றார். நாள் முழுக்க அடைத்து வைத்த வாய் அது.

கிளாக்கர் ஐயா சிரிக்கவில்லை.

"சும்மா கேக்கேல்லை நான். அண்டைக்கு ஓடினனி. இண்டைக்கு ஏன் ஓடேல்லை?"

கேட்டுவிட்டார். கேட்டால் பேச வேண்டும்.

"அன்னைக்குத் தெரியாதுங்க ஐயா," என்றேன். "முன்னால போறவன் எல்லாருக்கும் சேத்து நடக்கணும்னு."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தரையைப் பார்த்தேன். புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்காமல், மொத்தமாக ஒரு கையால் வழித்துக் கிண்ணத்தில் போட்டார். கைலேஞ்சியை உதறி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"மேலிடத்துக்கு நான்தானே பதில் சொல்ல வேணும்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. வாசலில் நின்று, "காசிம், வேலுவும் பெரியசாமியும் நாளைக்கு வரட்டும்," என்றார். குடையை விரித்துக்கொண்டு போனார்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்கு வந்தேன். காமாட்சி என் தோளைப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இல்ல. மூட்டை மிச்சம். ரயில் போயிருச்சு."

அவளுக்கு விளங்கிவிட்டது. விளக்கெண்ணெயைச் சுட வைத்தாள். தோளில் தடவினாள். கொஞ்சம் அழுத்தித்தான் தடவினாள்.

"நாளைக்கு?"

"தெரியல."

"சரி," என்றாள். "சாப்புடுங்க. கருவாடு சுட்டிருக்கேன்."

நன்றாகச் சாப்பிட்டேன். அன்று எனக்கு மனதில் பாரம் எதுவும் இருக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தோட்டத்தில் வேலை போன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாவது வேலையும் போகும் போல இருந்த அன்று இறங்கியது.

காலையில் போனேன். கண்டிக் குளத்துப் பக்கம் பனி மூட்டம். எட்டுப் பேரும் வரிசையில் நின்றார்கள். முன்னால் வேலு அண்ணன். நான் வழக்கம் போல தூணோரம் போனேன். போகச் சொன்னால் போய்விடலாம் என்று சும்மாட்டைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"ஏன்யா அங்க?" என்றார் வேலு அண்ணன். "தூண் விழுந்துருமா, நீ புடிக்கலைன்னா? இங்க வா. ஆனா எனக்குப் பின்னாடி நில்லு."

யாரோ நகர்ந்தார்கள். வேலு அண்ணனுக்கும் பெரியசாமிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் வந்தது. போய் நின்றேன். காசிம் நானா சுருட்டைக் காதில் செருகிக்கொண்டு வரிசையை ஒரு தடவை பார்த்தார்.

கிளாக்கர் ஐயா கதிரையைத் துடைத்தார். கைலேஞ்சியை விரித்தார். உட்கார்ந்தார். பேனாவை மையில் தொட்டார்.

"எத்தினை?"

காசிம் நானா தொண்டையைச் செருமினார். சொன்னார். பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதுகிற சத்தம் கேட்டது.

ஒன்பது.